முட்டைத்தின்னிப் பாம்புகளும் என் அண்ணனும்

சென்னையில் ஒரு பழைய அருங்காட்சியகத்தில் பாட்டில்களில் பதப்படுத்திய பாம்புகளை இனம் பிரிக்கும் தற்காலிக வேலை எனக்கு. பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் பொன்னேரி வந்து ரயில் பிடிப்பேன்.

எனக்குக் கொடுத்த அலமாரியில் ஆப்பிரிக்க முட்டைத்தின்னிப் பாம்புகள் இருந்தன. அவற்றுக்குப் பல் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. முட்டையை முழுதாக விழுங்கி, தொண்டைக்குள் நீட்டியிருக்கும் முதுகெலும்பு முனைகளால் உடைத்து, முட்டையோட்டை மட்டும் கக்கிவிடும். ஒரே இனத்திலேயே புள்ளி உள்ளதும் உண்டு, வெறும் பழுப்பும் உண்டு. அதனால் செதில்களை எண்ண வேண்டும், பிடித்த ஊரும் தெரிய வேண்டும். எங்கள் பாட்டில்களில் 'ஆப்பிரிக்கா' என்று மட்டும் எழுதியிருந்தது. நிறமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

ஒரு பாம்பின் கழுத்தில் உடையாத முட்டை புடைத்திருந்தது. விழுங்கும்போதே பிடித்துக் கொன்றிருக்கிறார்கள். அதற்காவது பெயர் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். மரபணு பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"ஃபார்மலின்ல ஊறினதும்மா. ஒண்ணும் வராது" என்றார்.

அந்த வாரம்தான் முகத்துவாரத்தில், மீன்பிடிக்கப் போன அண்ணனின் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். அண்ணன் வரவில்லை. பல நாள் கழித்து ஆந்திரா பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவும் நானும் அங்கே பிணவறைக்குப் போனோம். முகம் இல்லை. நைனா சுவரோரமாக நின்றுவிட்டார்.

"நீ இதானே பாப்பா படிச்ச? பாத்து சொல்லு. நம்ம புள்ளதானா?"

அண்ணனின் கணுக்காலில் வலைக்கயிறு அறுத்த தழும்பு உண்டு; அதைத் தேடினேன். அங்கே தோலே இல்லை. உயரம் பொருந்தியது. கடலோரத்தில் அந்த உயரத்தில் எத்தனையோ பேர்.

"தெரியல நைனா."

"அப்ப அவன் இல்லனு சொல்லு."

"அதுவும் தெரியல."

மரபணுவை ஒப்பிட நைனாவிடம் ரத்தம் எடுத்தார்கள். உடலிலிருந்து எடுத்த திசு கெட்டுவிட்டது, ஒப்பிட முடியவில்லை என்று பிறகு பதில் வந்தது. அதற்குள் அடையாளம் தெரியாத உடல் என்று போலீஸ்காரர்களே புதைத்திருந்தார்கள்.

நான் வேலைக்குத் திரும்பினேன். முட்டையோடு இருந்த பாம்பின் செதில்களைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். கணக்கு இரண்டு வெவ்வேறு இனங்களுக்கு ஒத்துப்போனது. எல்லா பாட்டில்களிலும் 'இனம் உறுதியாகவில்லை' என்று ஒட்டினேன். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். அண்ணி தாலியைக் கழற்றவில்லை, காரியம் செய்யவும் விடவில்லை. போன வாரம் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீ பாத்தப்ப கால் வெரலு எப்டி இருந்துச்சு? அவருக்கு சுண்டு வெரலு பக்கத்து வெரலு மேல ஏறிக்கினு இருக்கும்ல?"

கூடப் பிறந்தவள் நான். அது எனக்குத் தெரியாது.

"ஞாபகம் இல்ல அண்ணி" என்றேன்.

அவள் தண்ணீரை மாற்றிக்கொண்டு வர எழுந்து போனாள்.