காய்க்காத தென்னந்தோப்பு

எனக்கு வேலை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பெரியநாயக்கன்பாளையத்தில், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட லைன் வீடுகளில் நானும் என் நண்பனும் குடியிருந்தோம். ஒரே கல்லூரி, ஒரே வரலாற்றுப் பட்டம். கோவை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரே நாளில் பதிந்தவர்கள். வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை அவனுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பேரரசுகள் ஏன் சரிந்தன என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறிய எனக்கு இதைத் தாங்க முடியவில்லை.

விதிகள் மனப்பாடம். பதிந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும். புதுப்பிக்க மறந்திருக்கக் கூடாது. எங்கும் படித்துக்கொண்டிருக்கக் கூடாது. குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டக் கூடாது. பட்டதாரிக்குப் பத்தாவது முடித்தவனைவிடத் தொகை கொஞ்சம் கூடுதல். அந்த வித்தியாசத்தை வைத்து மாதம் முழுக்க டீ குடிக்க முடியாது, பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வருமானத்தை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வருவார்.

அவர் வந்தபோது நான் நூலகத்தில் இருந்தேன். வீட்டில் அம்மா மட்டும். லேத் பட்டறையில் வேலை பார்த்த அண்ணனுக்குக் காரமடைப் பக்கம் பெண் பார்த்திருந்தோம். ஜாதகம் பொருந்திவிட்டால், பெண் வீட்டார் முன்பின் தெரியாத யாரையாவது அனுப்பிச் சொல்லாமல் கொள்ளாமல் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஆளுக்காகத்தான் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் பையோடு ஒருவர் வந்து, பையன் இருக்காருங்களா, ஊடு சொந்தமா, வருமானமெல்லாம் எப்படி என்று கேட்டால் அவர் வேறு யாராக இருக்க முடியும்?

பக்கத்து வீட்டிலிருந்து, அதாவது நண்பன் வீட்டிலிருந்து, நாற்காலி இரவல் வாங்கிப் போட்டார் அம்மா. கெட்டியாகக் காபி கொடுத்தார். அண்ணனின் சம்பளம் இரட்டிப்பானது. வாடகை வீடு சொந்த வீடானது. கடைசியாக, மாமா முறையுள்ள ஒருவரின் தோப்பும் எங்கள் பெயருக்கு வந்தது.

"கோபிப் பக்கம் தென்னந்தோப்பு இருக்குதுங்க. நாங்க தேங்கா வெல குடுத்து வாங்கிப் பழக்கமே இல்லீங்க."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு நேராக நண்பன் வீட்டுக்குப் போனார். அங்கே கல்யாண வயதில் யாரையும் கரையேற்ற வேண்டியிருக்கவில்லை, உண்மையைச் சொன்னார்கள். அவர்களிடமிருந்த ஒரே நாற்காலி எங்கள் வீட்டில் கிடந்ததால் அவரை நிற்கவைத்தே பேசினார்கள். வறுமைக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

என் மனு தள்ளுபடியானது. அவனுக்கு முதல் தொகை வங்கிக்கு வந்த அன்று பேக்கரிக்குக் கூட்டிப்போய் எனக்கு பன் வாங்கித் தந்தான். "தின்னுடா, தோப்புக்காரா" என்றான். தின்றேன். பொறாமையால் பசி குறைவதில்லை.

தாலுகா அலுவலகத்தில் மேல்முறையீடு செய்தேன். அம்மா நேரில் வந்து, தோப்பு எங்களுடையதில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "இல்லைன்னு சொல்லிப்போடறேன் கண்ணு, அதுக்கென்ன" என்று அம்மா பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.

உள்ளே போனதும் பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் எழுந்து கும்பிட்டார். போன வாரம்தான் பெண்ணின் தாய்மாமா என்று எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா வாயால் தோப்புப் பெருமையையும் கேட்டு, வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுப் போனவர்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, இவ்வளவு தூரம்?"

அம்மா சிரித்து வைத்தார். அதிகாரி கோப்பைப் புரட்டி, "தோப்பு இருக்குதா இல்லையாம்மா?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்தார்.

"இருக்குதுங்க. ஆனா இப்பக் காய்க்கறதில்லீங்க."

காய்க்காத தோப்புக்கு விதிகளில் இடமில்லையாம். மேல்முறையீடும் போயிற்று. பெற்ற பிள்ளையும் காய்க்கவில்லைதான். ஆனால் அம்மா அன்று விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியது அந்தத் தோப்பை. ஒரு தோப்பைப் பார்த்து, அதுவும் ஊரான் தோப்பைப் பார்த்து நான் வயிறெரிந்தது அப்போதுதான்.

அண்ணன் கல்யாணம் நடந்தது. நண்பன் தன் உதவித்தொகையைச் சேர்த்துவைத்துப் பெரிய எவர்சில்வர் குடம் ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்தான். அண்ணி இன்றும் அதில்தான் தண்ணீர் பிடிக்கிறார். அரசாங்கத்தின் பணம் கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது, குடத்தின் கழுத்தைச் சுற்றி அவன் பெயரைப் பெரிதாக வெட்டிக்கொண்டு.