தலைமாட்டு வேலை

மார்பைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக இதய வால்வு பொருத்தக் கற்கத்தான் கோவையிலிருந்து புனே வந்தேன். பயிற்சி முடியப்போகும் வரை எனக்குக் கிடைத்தது வால்வை வழிநடத்தும் கம்பியை அசையாமல் பிடிக்கும் வேலைதான். வால்வு போகும் குழாயின் கைப்பிடியைத் திருகி அதை விரிப்பவர் எப்போதும் தலைமை மருத்துவர். "அடுத்தது உன்னுடையது" என்று அவர் இந்தியில் சொன்னபோதெல்லாம் மண்டு போல நம்பினேன்.

புனேயிலேயே போபோடி பகுதியிலிருந்து ஒரு தமிழ் அம்மா வந்தார். பயந்துபோய் சிகிச்சையே வேண்டாம் என்றவரைச் சம்மதிக்க வைக்கத் தலைமை மருத்துவர் என்னைத்தான் அனுப்பினார். "நீயே பண்றதா இருந்தா சரி, கண்ணு" என்றார் அந்த அம்மா. அதை நான் இந்தியில் சொன்னதும், இவள்தான் செய்வாள் என்று தலைமை மருத்துவர் தலையாட்டினார்.

சிகிச்சை அன்று கையுறை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போனேன். அந்த வாரம்தான் வேலையில் சேர்ந்திருந்த தலைமை மருத்துவரின் மகன் என் இடத்தில் நின்றான். கைப்பிடி அவன் கையில் இருந்தது.

"தமிழ் மே பாத் கரோ" என்றார், என் முகத்தைப் பார்க்காமலே. நான் தலைமாட்டில் நின்று தமிழில் பேசிக்கொண்டிருக்க வேண்டுமாம். அந்த அம்மா பயப்படாமல் இருப்பாராம்.

பேசினேன். வேறென்ன செய்ய? வால்வு விரிந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அப்பா மகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அரைமயக்கத்தில் கண் மூடியிருந்த அந்த அம்மா முனகினார்: "முடிஞ்சுதா கண்ணு? வலியே தெரியல. உனக்கு நல்ல கைராசி."

என் இரண்டு கைகளும் அவர் தலையணைமேல் சும்மா கிடந்தன.