நடுக்கம் வந்த நேரம்

கொப்பியிலிருந்து கிழித்த அந்தத் தாளில் நான்கு வரிகள்தான் இருந்தன. எந்த நாள், எத்தனை மணிக்குக் குழாயில் மருந்து ஏறியது, எத்தனை மணிக்கு நடுக்கம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆய்வுகூட வாசலுக்கு வந்தவரை நான் ராத்தா என்றே அழைத்தேன். கிண்ணியாவில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

அவருடைய கணவர் மீன்பிடிப்பவர். சிறுநீரகம் பழுதாகி, இரத்தத்தைச் சுத்திகரிப்பதற்காகக் கழுத்தருகே குழாய் பொருத்தியிருந்தார்கள். இரண்டு முறை காய்ச்சல் வந்து மருந்தில் தணிந்தது. மூன்றாம் முறை அவரால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அதில் பிழை இருக்கவில்லை. பிறகு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

"மிஸ், மத்த நேரம் நல்லாத்தான் இரிக்கார். குழாயால ஏதும் போனாத்தான் நடுங்கத் தொடங்குது," என்றார் ராத்தா. "எழுதிக் குடுத்தா யாரும் வாசிப்பாங்க எண்டு நெனச்சன்."

கிருமிகள் இரத்தத்தில் மிதப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒன்றிரண்டு குழாயின் உட்சுவரைத் தொடும். தங்கள் மேற்பரப்பிலுள்ள புரதங்களால் கொளுவிப் பிடிக்கும். பிறகு சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் செத்த கிருமிகளின் டி.என்.ஏ.யும் கலந்த பசையைத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே பெருகும். மிதப்பவற்றைக் கொல்லும் மருந்துக்கு, உள்ளே ஒட்டிக் கிடப்பவை இலகுவில் மசியமாட்டா. குழாயால் ஏதும் ஓடும்போது அவற்றில் சில பெயர்ந்து மறுபடி இரத்தத்தில் கலக்கும். இதையெல்லாம் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். அந்த மனிதரோடு சேர்த்து யோசிக்கத்தான் தவறிவிட்டேன்.

தாளை வார்ட்டுக்குக் கொண்டுபோனேன். டொக்டர் இரண்டு தரம் வாசித்தார். குழாயிலும் கையிலும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுத்தோம். கையில் எடுத்ததை விட, குழாயில் எடுத்ததில் கிருமி பல மணித்தியாலம் முந்தி வளர்ந்தது. அது குடியிருப்பது குழாய்க்குள்தான்.

"குழாயைக் கழட்டவேணும்," என்றார் டொக்டர்.

ராத்தாவின் முகம் வெளிறிவிட்டது. "கழட்டினா இரத்தம் எப்பிடிச் சுத்தமாகும்?"

"கிருமி அடங்கினதும் மற்றப் பக்கம் புதுசு போடுவம். அதுவரைக்கும் பொறுக்க ஏலும்."

இடையில் கழிந்த நாட்களில் ராத்தா கட்டிலருகை விட்டு அசையவில்லை. புதுக் குழாயில் முதல் தடவை இரத்தம் ஓடியபோது நானும் போய் நின்றேன். ஒரு மணித்தியாலம் கடந்தது. ராத்தாவின் கணவர் நடுங்கவில்லை. "பசிக்குது," என்றார்.

கழற்றிய குழாயின் நுனியிலிருந்து வளர்ந்ததை ராத்தாவுக்கு நுணுக்குக்காட்டியில் காட்டினேன். சாயமேற்றிய கிருமிகள் ஊதா நிறக் குலைகளாகத் தெரிந்தன.

"ஒண்டையொண்டு விடுகுதில்லியே," என்று வியந்தவர், "இங்கயே ஒட்டிக்கிட்டு இரிக்கட்டும், என்ட மனுசனை விட்டாச் சரி," என்றார்.

பிறகு, கை வழியாகவே இரத்தத்தைச் சுத்திகரிக்க அங்கே இரத்த நாளங்களை இணைத்துவிட்டதால் கழுத்தில் குழாய் தேவைப்படவில்லை. போன கிழமை, சிகிச்சை இல்லாத நாளொன்றில், கிண்ணியாப் பாலத்தடியில் ராத்தாவின் கணவர் வள்ளத்தில் ஏறுவதைக் கண்டேன்.

"தூரத்துக்குப் போகாதீங்க!" என்று கரையிலிருந்து கத்தினார் ராத்தா.

"ஓம், ஓம்," என்று சிரித்துக்கொண்டே அவர் துடுப்பை வலித்தார்.