மதில் பட்டியலில் இல்லாத பெயர்

மன்னார்புரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது சபையின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எஸ்தர் அக்கா போய்விட்டார். நாற்பத்தொரு வயது, மஞ்சள் காமாலை. நான் எழுதிய ஒரு பட்டியல்தான் உடனே நினைவுக்கு வந்தது.

பாலக்கரையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே தெருவையெல்லாம் சிரிக்க வைத்தவர் அவர். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நாலு பேர் எதிரில் என் பெயரைச் சொல்லவே எனக்கு வராது. "எஸ்தர் எப்படிப் பேசுது பாரு. நீ படிச்சு என்ன?" என்பார் அம்மா. எனக்கு அக்காமேல் பொறாமை. அதை மறைத்து இந்த அஞ்சலியை எழுத முடியாது.

சென்ற ஆண்டு மழையில் ஆலய மதில் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேதாகமத்தில் நெகேமியா காலத்து மக்கள் எருசலேமின் மதிலைக் கட்டியதைப் போல, குடும்பத்துக்கு ஒரு பங்காக நாமே கட்டுவோம் என்றார் போதகர். அப்பாவுக்கு முதுகுவலி என்பதால் எங்கள் பங்குக்கு நான் செங்கல் சுமந்தேன். அக்கா வந்து கூடையைப் பிடுங்கினார். "எழுதுற கை, புண்ணாக்கிக்காத. நகரு." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தனி ஆளான அவருக்குப் பங்கே கிடையாது. ஆள் இல்லாத வீட்டுப் பங்குகளிலெல்லாம் அவர்தான் சுமந்தார்.

யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்று எழுதி வாசிக்கும் வேலையைப் போதகர் எனக்குத் தந்தார். அக்காவின் பெயரை நான் எழுதவில்லை. தனிப் பங்கு இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிரதிஷ்டை நாளில் இரண்டு பாடகர் குழுக்கள் புது மதிலை எதிரெதிராகச் சுற்றிவந்து ஆலய வாசலில் சந்தித்தன. நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் "ஸ்தோத்திரம்!" என்று சபை முழங்கியது. முடித்ததும் ஒரு தாத்தா கேட்டார்: "எஸ்தர் பேரு எங்கேம்மா?"

நான் பட்டியலை மடித்தேன். கூட்டத்திலிருந்து அக்காவின் குரல்: "என் பேரையும் வாசிச்சா பிரியாணி ஆறிடும் தாத்தா, வாங்க!" எல்லோரும் சிரித்துக்கொண்டே பந்திக்குப் போனார்கள். அப்போதும் அவரே ஜெயித்துவிட்டாரே என்று எனக்கு எரிந்தது.

பந்தியில் பரிமாற என் இலைக்கு வந்த அக்கா, "நல்லா வாசிச்ச. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு" என்றார். பிறகு குனிந்து, "அடுத்த தடவை எழுதிடு" என்றார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன், கேட்கவே இல்லை.

அடக்க ஆராதனையில் போதகரிடம் அனுமதி கேட்டு அந்தப் பட்டியலை மறுபடி வாசித்தேன். அக்கா சுமந்த பங்குகள் ஏழு. ஏழிலும் அவர் பெயரைச் சேர்த்திருந்தேன், முதலில் எங்கள் பங்கில். அவர் பெயருக்கு அழுகையோடு எழுந்ததைப் போன்ற ஸ்தோத்திரம் பிரதிஷ்டை நாளில் யார் பெயருக்கும் எழவில்லை.

அந்த நிமிடத்திலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதையும் "நல்லா வாசிச்ச" என்ற அவருடைய வார்த்தையையும் நான் வைத்துக்கொள்கிறேன்.