பள்ளிக்கூடக் கூரைத் தண்ணீர்

பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்தும் இடத்துத் தகரக் கூரைக்குச் சிவப்பு பெயின்ட் அடிக்கிறார். ஜொகூரின் தம்போயில், எங்கள் தாமான் குடியிருப்பின் வரிசை வீடுகளில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. மகள் விடுவாளா? "மா, ஜன்னல சாத்துங்க லா. நாத்தம் தலைய புடிக்குது," என்றாள். சாத்தினேன். சாத்திய பிறகும் நாற்றம் உள்ளேயே இருந்தது. எழுபதைத் தாண்டியும் என் மூக்கு நன்றாக வேலை செய்கிறது, முழங்கால்தான் செய்வதில்லை.

இதே நாற்றத்தை ஒரு காலத்தில் நான் ஆசையாக மோந்திருக்கிறேன், பசிபிக் கடலில் ஒரு சின்னத் தீவில். அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். நம் நாட்டில் வெள்ளைக்காரன் கொடி இறங்கிப் பல வருடமாகியிருந்தது. அங்கே இன்னும் பறந்துகொண்டிருந்தது. ஜொகூரில் பொதுப்பணி இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்த என் வீட்டுக்காரரை, அங்கே சாலையும் கட்டடமும் பார்க்க ஒப்பந்தத்தில் கூப்பிட்டார்கள். நான் பெக்கோக் ரப்பர் தோட்டத்துப் பெண், பயிற்சி முடித்த டீச்சர். "அங்கயும் பள்ளிக்கூடம் இருக்காம், கெளம்பு," என்றார். வரைபடத்தில் தேடினோம். ஓர் ஈ உட்கார்ந்தால் தீவு மறைந்துவிடும்.

பள்ளிக்கூடம் என்றால் இரண்டே அறை. வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் கூடையில் பவளக் கல் சுமந்துபோய்ச் சாலைக் குழிகளை நிரப்ப வேண்டும். அரசாங்கம் அதற்கும் பாடம் என்றே பெயர் வைத்திருந்தது. நானும் அதற்கு மார்க் போட்டிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

தீவில் ஆறு கிடையாது, கிணற்றில் உப்பு. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் விழும் மழைதான் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர். அது ஒரு குழாய் வழியாகச் சிமெண்டுத் தொட்டியில் இறங்கும். தொட்டிக்குக் காவல் மரியா. என் வயதுதான், இரண்டு பிள்ளைகள், புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. தொட்டிச் சாவி அவள் இடுப்பில் தொங்கும். தீவுப் பெண்களில் அவள் ஒருத்திக்குத்தான் அரசாங்க வேலை, அந்த மிதப்பு நடையிலேயே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு நாங்கள் ஒரே பெஞ்சு. அவள் பாடுவாள், நான் வாயசைப்பேன்.

ஒரு வருடம் போனது. கூரை துருப்பிடித்துவிட்டதென்று என் வீட்டுக்காரர், ஜொகூரில் செய்வது போலவே, துருவுக்கான சிவப்பு பெயின்ட் அடித்தார். "எப்படி இருக்கு? நம்ம ஊரு பள்ளிக்கூடம் மாரியே இல்ல?"

"அலமாக், அப்படியே இருக்கு!" என்று கைதட்டினேன். எங்கள் ஊரில் கூரையில் விழுந்த மழை சாக்கடைக்குப் போகும். கூரைத் தண்ணீரைக் குடிக்கிற ஊரில் ஈயம் கலந்த பெயின்டை அடிக்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

மரியாவுக்கு உறைத்தது. நெடுநாள் வறட்சிக்குப் பிறகு மேகம் கட்டியதும் ஓடி வந்து குழாயைத் தொட்டியிலிருந்து விலக்கி வைத்தாள். "பெயின்ட் புதுசு. ரெண்டு மழை வெளிய போகட்டும் ஐயா," என்று அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். என் வீட்டுக்காரர் அதட்டினார்: "தொட்டி காஞ்சு கெடக்கு. ஒரு சொட்டு விடாத, உள்ள திருப்பு." நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அவள் திருப்பினாள்.

மூன்றாம் நாள் வகுப்பில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். யாரும் சாகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கார அதிகாரி வந்து தொட்டியை முகர்ந்து பார்த்தார். தண்ணீரை உள்ளே விட்டது யார் என்று கேட்டார்.

"மரியா," என்றார் என் வீட்டுக்காரர். பொய் இல்லை பாருங்கள், அவள் கைதான்.

"ஐயாதான் விடச் சொன்னார். டீச்சர் பக்கத்துல நின்னாங்க, கேளுங்க," என்றாள் மரியா.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரருக்கு வேலை போய், மாமியார் வீட்டு வாசலில் நான் பெட்டியோடு நிற்பது கண்முன்னே வந்தது. "எனக்கு ஒன்னும் கேக்கல சார்," என்றேன்.

மரியா சண்டை போடவில்லை. சாவியை அவிழ்த்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

"நல்லவேளை, காப்பாத்திட்ட," என்று அன்று ராத்திரி சாப்பாட்டில் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு கேட்டார். ஊற்றினேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏதோ மரத்துப்போனது, அவ்வளவுதான். இன்றுவரை அப்படியே இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்றேன். என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார், சொன்னேன். வேலை போன மரியா சாலைக்குக் கல் சுமக்கப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் என் மாணவர்களோடு வரிசையில் அவளும் நடப்பாள். நான் நிழலில் நின்று பிள்ளைகளுக்கு மார்க் போடுவேன்.

அந்தக் கொடி எப்போதோ இறங்கிவிட்டது. தீவுக்கு இப்போது வேறு பெயராம். பள்ளிக்கூடம் இருந்த பக்கத்தைக் கடல் தின்றுவிட்டதாம், சனங்கள் வேறு தீவுக்குப் போய்விட்டார்களாம். மகள் போனில் தேடிச் சொன்னாள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அதிகாரியும் சாமியாரும் இருக்க வாய்ப்பில்லை. இனி உண்மையைச் சொன்னால் எங்களில் யாருக்கும் வேலை போகாது.

"அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா மா? பேரு சொல்லுங்க, தேடுவோம்," என்றாள் மகள்.

"மரியா."

"மரியா என்ன? அங்க பாதிப் பேரு மரியாதான் லா."

ஒரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், முழுப்பெயரைக் கேட்டதே இல்லை. அது எழுதியிருந்தது அரசாங்க வேலைக்காரர்கள் பட்டியலில் மட்டும்தான். அதில் இருந்துதான் நாங்கள் அவள் பெயரை அடித்தோம்.