அங்கிள் பாட்டை முடிக்கிறார்

கையில் கட்லட்டோடு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. மெல்பேர்னில், ரோவில் பக்கம் ஒரு மண்டபம். அப்பாவின் சிநேகிதர் வீட்டுப் பிள்ளை சேர்ச்சில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டம். மேடையில் மன்னார் அங்கிள் ஒருவர் பைலா ஆட்டப் பாட்டுக்கு ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வரிசையில் நின்ற ஆக்கள் தங்களுக்கே தெரியாமல் தோளை ஆட்டினார்கள். ஆஃப்ரோபீட் என்ற நைஜீரிய இசை வாசிக்கிற எங்கள் பாண்டின் ட்ரம்மர், வேறு வேலை கிடைத்துப் பேர்த்துக்குப் போய்விட்டான். ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு பாரில் எங்கள் முதல் நிகழ்ச்சிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அதை விட்டால் பார் முதலாளி எங்களைத் திரும்பக் கூப்பிடப் போவதில்லை.

அங்கிள் சிம்பல் தட்டைக் கழற்ற முதலே போய், எங்களோடு வாசிக்க வருவாரா என்று கேட்டுவிட்டேன். ஆஃப்ரோபீட் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. ஒத்திகை எங்கே என்றுதான் கேட்டார். வெரிபீ என்றேன்.

“அது மெல்பேர்னே இல்லையே, பிள்ளை.”

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தார், ட்ரம்ஸைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த மீன் பணிஸோடு.

ஒத்திகை எங்கள் பாடகியின் கராஜில். நைஜீரியாவில் இருந்து வந்தவர்களின் மகள், வெரிபீயில் வளர்ந்தவள். எங்கள் பாட்டு ஒன்று கால் மணித்தியாலம் போகும். ஒரே தாளம் சுற்றிச் சுற்றி வர, அதற்குமேல் சாக்ஸஃபோனும் கிட்டாரும் ஏறி இறங்கும். அங்கிளின் தாளம் முதல் நிமிஷத்திலேயே எங்களைத் தூக்கிவிட்டது. நாலாவது நிமிஷத்தில் எல்லா ட்ரம்மையும் ஒரு சுற்று உருட்டி, சிம்பலில் ஓங்கி ஓர் அறை. பாட்டு முடிந்தது. சாக்ஸஃபோன்காரன் மூச்சை எங்கே விடுவதென்று தெரியாமல் நின்றான்.

கலியாண வீட்டுப் பழக்கம். அங்கே அதற்குமேல் இழுத்தால் கேக் வெட்டக் காத்திருக்கிறவர்கள் முறைப்பார்கள். திரும்பத் தொடங்கினோம், திரும்ப முடித்தார். மூன்றாம் முறை நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. குச்சிகளைப் பைக்குள் வைத்தார்.

“எனக்கு முடிக்கத்தான் பிள்ளை தெரியும். கை தானாப் போகுது. நிகழ்ச்சியைக் கெடுக்காமல் வேற ஆளைப் பாருங்கோ.”

இவ்வளவு காலமும் ஆக்கள் சாப்பிடுகிற நேரம்தான் வாசித்திருக்கிறாராம். கேட்கவென்றே வந்தவர்களுக்கு ஒருதரமாவது வாசிக்க ஆசைப்பட்டாராம். பாடகிக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் முடித்தால் முடிக்கட்டுமே, நாங்கள் ஏன் முடிக்க வேண்டும் என்று கேட்டாள்.

செய்து பார்த்தோம். சிம்பல் அறைந்ததும் மற்றவர்கள் நிறுத்த, என் பேஸ் கிட்டார் மட்டும் நிற்காமல் போனது. அங்கிள் என்னைப் பார்த்தார். மெல்ல அவருடைய கால் பெரிய ட்ரம்மை மிதிக்கத் தொடங்கியது. பிறகு கை. பிறகு எல்லோரும்.

“விடமாட்டீங்கள் போல,” என்றார்.

ஃபுட்ஸ்க்ரேயில் அவர் முதல் தரம் முடித்தபோது சனம் கை தட்டியது. பேஸ் இன்னும் போவதைக் கேட்டு அடங்கியது. அவர் திரும்ப இறங்கி அடித்தபோது கூரை அதிரக் கத்தியது. அப்படியொரு சத்தத்துக்கு நடுவில் நான் அதற்கு முன் நின்றதில்லை. வானில் சாமான் ஏற்றும்போது நன்றி சொல்லப் போனேன். அவர் எனக்கு முந்தி நன்றி சொல்லிவிட்டார். பெரிய ட்ரம்மைத் தூக்கிக் கொடுத்தேன்.

இப்போது பாடகிக்குப் பைலாத் தாளத்தில் ஒரு பாட்டு வேண்டுமாம். தன் வீட்டு மொழியான யொரூபாவில் பாதி எழுதிவிட்டாள். மற்றப் பாதி தமிழில், அதை நான்தான் பாட வேண்டும் என்று அவளும் அங்கிளும் என்னைக் கேளாமலே தீர்மானித்திருக்கிறார்கள். நான் இதுவரை மைக்குக்குக் கிட்டப் போனதே இல்லை. வாற ஞாயிறு பாடிப் பார்க்கப் போகிறேன்.