தீவுக்காரரின் கண்ணாடித் துண்டு

கண்ணாடிக் கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தீவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தத் தீவிலும் பிறந்தவரில்லை. நீச்சலும் தெரியாது. படகில் ஏறினால் எதிர்க்கரை வந்து சேர்கிறவரை பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை, கடைக்கு லீவு விடுகிற அந்த ஒரு வாரத்தில், பையைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு தீவுக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடுவார்.

குளிக்கப் போகவில்லை, காற்று வாங்கவும் போகவில்லை. சினிமா எடுத்த இடத்தைப் பார்க்கப் போகிறார்.

இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். கதாநாயகன் சாய்ந்து நின்ற மரத்தில் தாங்களும் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர் அந்த ரகம் இல்லை. கதாநாயகன் நின்ற இடம் இவருக்கு முக்கியமில்லை. கேமரா நின்ற இடம்தான் வேண்டும். அங்கே போய் நின்று, படத்தில் பார்த்ததை அதே மாதிரி நேரில் பார்க்க வேண்டும். ஒரு இம்மி தள்ளியிருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். படத்தை டிவியில் ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்துவார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. கடையில் மிச்சம் விழுந்ததுதான். கை கிழிக்காதபடி விளிம்பை நன்றாகத் தீட்டி வைத்திருப்பார். அதை டிவி மேல் ஒட்டிப் பிடித்து மலையின் கோடு, வீட்டுக் கூரை, படிக்கட்டு எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் வரைந்துகொள்வார். அப்புறம் அந்த இடத்துக்குப் போய் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, முன்னால் பின்னால் நகர்ந்து, வரைந்த கோடும் எதிரே இருக்கிற மலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிற இடத்தைக் கண்டுபிடிப்பார். உட்கார்ந்துவிட்டால் போதும். ஒரு போட்டோ, ஒரு டீ, திரும்பி வந்துவிடுவார்.

"இதுக்கா ஒரு வாரம் லீவு?" என்று முதலாளி கேட்பார்.

"நீங்க லீவுல வீட்ல தூங்குறீங்க. நான் கேட்டேனா?" என்பார் இவர். முதலாளி சிரித்துக்கொண்டு போய்விடுவார். வளைவுக் கண்ணாடியை உடைக்காமல் வெட்டுகிற கை அந்தக் கடையில் இவருடையதுதான். அதனால் கொஞ்சம் வாய் செல்லும்.

வீட்டில்தான் வாய் செல்லவில்லை.

அவர் மனைவிக்கு ஆண்கள் சட்டை தைக்கிற கம்பெனியில் வேலை. சட்டை முழுசாகத் தைப்பதில்லை. பாக்கெட் வைப்பதுதான் அவள் வேலை. முன்னால் உட்காருகிறவள் பட்டன் பட்டியை முடித்துத் தள்ளிவிடுவாள், இவள் பாக்கெட்டை வைத்துத் தைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வேலை. வருஷத்தில் அவளுக்கும் ஒரு வாரம்தான் லீவு. அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அக்காவின் வீடு ரயிலில் ஒரு நாள் தூரம். இவர் தீவுக்குப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்ள இவள் இருக்க வேண்டும். இப்படியே வருஷங்கள் போய்விட்டன.

அந்த வருஷம் அவள் சண்டை போடவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இந்தத் தடவை நானும் வர்றேன்."

தீவுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. "எதுக்கு?"

"நீங்க சொன்னீங்களே, அந்தப் படிக்கட்டுப் படம். ஒருத்தனும் கண்டுபிடிக்கல, நான் கண்டுபிடிச்சிட்டேன்னு. அத நானும் என் கண்ணால பாக்குறேன். இருந்துச்சுன்னா இனிமே உங்க லீவுல நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா அதோட முடிஞ்சுது. லீவு வாரம் என்னோடது. அக்கா வீட்டுக்குப் பெட்டி தூக்கிட்டு வரணும்."

"அதெல்லாம் கண்டிப்பா இருக்கும்."

"அப்ப உங்களுக்கு என்ன பயம்?"

பயம் இருந்தது. அந்தப் படம் அவர் இளவட்டமாக இருந்தபோது வந்தது. ஓடாத படம். கொட்டகையில் ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள், அந்த வாரம் முழுக்க இவர் போய்ப் பார்த்தார். கதாநாயகனைத் துரத்துகிறார்கள். அவன் கடலோரமாக ஓடிவந்து ஒரு வெள்ளைப் படிக்கட்டில் ஏறுகிறான். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்க்கிறான். மேலே இடது பக்கம் ஒரு கலங்கரை விளக்கம், வலது பக்கம் முழுக்கக் கடல். அவ்வளவுதான் காட்சி. அது எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. இவரைப் போன்ற ரசிகர்கள் இன்டர்நெட்டில் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். இவர் பல மாதம் மேப்பைக் குடைந்து, கலங்கரை விளக்கமும் படியும் சேர்ந்து இருக்கிற ஒரு சின்னத் தீவைப் பிடித்திருந்தார். குன்றின் கிழக்குச் சரிவில் படி. சரியாக இடது பக்கம் கலங்கரை விளக்கம், வலது பக்கம் கடல். நூற்றுக்கு நூறு அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போய்ப் பார்க்காதவரை அப்படித்தானே சொல்ல முடியும்.

வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் ஒரு பை, அவர் ஒரு பை. கண்ணாடித் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி, அதை மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்து, அதைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

"கைக்குழந்தையக்கூட யாரும் இப்படித் தூக்கிட்டுப் போக மாட்டாங்க" என்றாள்.

தீவுக்குப் போகிற படகு காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் திரும்ப ஒரு தடவை. படகுக்காரர் வாட்டசாட்டமான ஆள், பேச்சில் சிக்கனம் கிடையாது.

"ஹாரன் அடிப்பேன். வந்தா வாங்க, வராட்டி தீவுல குடும்பம் நடத்துங்க. நாளைக்குக் காலையில மறுபடி வருவேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

தீவில் இறங்கினால் கொஞ்சம் வீடுகள், ஒரு டீக்கடை, வலை காயப்போட்ட திடல், அதற்கு மேல் குன்று. கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் தீவுக்காரர் நடையை நிறுத்திவிட்டார். அதேதான். சந்தேகமே இல்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கிழக்குச் சரிவுக்குப் போனார்கள். படி இருந்தது. வெள்ளைப் படிதான். இடது பக்கம் கலங்கரை விளக்கம், வலது பக்கம் கடல். தீவுக்காரர் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துத் தூக்கிப் பிடித்தார்.

உட்காரவில்லை.

பின்னால் போனார். உட்காரவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தார், குந்தினார், ஒரு பாறை மேல் ஏறினார். கலங்கரை விளக்கத்தைச் சேர்த்தால் படி விலகுகிறது. படியைச் சேர்த்தால் குன்றின் முதுகு விலகுகிறது. படத்தில் குன்றுக்கு ஒரு கூன் உண்டு. இங்கே அந்த இடம் தட்டையாகக் கிடந்தது. வெயில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் நிழலில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே பார்த்தாள்.

"என்னங்க, உக்காந்துச்சா?"

"பொறு."

"நான் பொறுத்துட்டேதான் இருக்கேன். அந்த மலைக்குத்தான் பொறுமை இல்ல போல, வேற எங்கயோ போயிடுச்சு."

அவர் செல்போனில் அந்தக் காட்சியை வைத்திருந்தார். அதை எடுத்து ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார், பிறகு அவள் கையில் திணித்துவிட்டு மறுபடி கண்ணாடியைத் தூக்கினார். கை வலித்தது. கடைசியில் இறக்கிவிட்டார். இந்தத் தீவு இல்லை. வேறு யாரோ சொன்ன வேறு ஏதோ ஒரு தீவுதான். வாரம் போயிற்று, இனி வருகிற வாரங்களும் போயின. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி. அக்கா வீட்டுக்கு டிக்கெட் போட்டுக்கோ" என்றார்.

அவள் நிமிரவில்லை. செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் நின்று திரும்பிப் பார்க்கிற கதாநாயகனை விரலால் பெரிதாக்கினாள்.

"இந்தாளு சட்டைக்குப் பாக்கெட் வச்சது யாருங்க?"

"என்னது?"

"பாக்கெட் வலது பக்கம் இருக்கு. எங்க சூப்பர்வைசர் மட்டும் இதப் பாத்திருந்தா மூஞ்சில எறிஞ்சு, பிரிச்சுத் தைன்னு சொல்லியிருப்பாரு."

"ஏதாவது ஃபேஷனா இருக்கும். விடு."

"ஃபேஷனா? இதுக்கு முன்னாடி கடலோரம் ஓடுறானே, அதே சட்டைதான். அதுல இடது பக்கம் இருக்கு, பாருங்க. ஓடுற ஓட்டத்துல பாக்கெட் இடம் மாறிடுச்சா? பட்டன் பட்டியும் பொம்பள சட்ட மாதிரி மாத்தி விழுது."

தீவுக்காரர் செல்போனைப் பிடுங்கினார். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பாக்கெட் வலது பக்கம்தான் இருந்தது. எத்தனை வருஷமாக இந்தக் காட்சியைப் பார்க்கிறார்! மலையைப் பார்த்தார், படியை எண்ணினார், கலங்கரை விளக்கத்தின் ஜன்னலைக்கூட வரைந்தார். ஒரு நாளாவது அந்த ஆளின் சட்டையைப் பார்த்ததில்லை.

கடலோரத்தில் அவன் வலமிருந்து இடமாக ஓடுகிறான். படியில் எடுக்கும்போது இடமிருந்து வலமாக ஏறவிட்டு எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டையும் ஒட்டினால் ஆள் துரத்துகிறவர்களைப் பார்த்துத் திரும்பி ஓடுகிற மாதிரி இருக்கும். பிலிமைத் திருப்பிப் போட்டு வேலையை முடித்துவிட்டார்கள். இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று. முகம் பார்க்கிற கண்ணாடி செய்கிற அதே வேலை.

"ஐயையோ" என்றார் தீவுக்காரர். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ரசம் பூசின கண்ணாடியத்தான வெட்டுறேன்!"

பிலிமைத் திருப்பிப் போட்டதை அவர் சொல்லி அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் வாயில் இருந்த பன் வெளியே வருகிற அளவுக்குச் சிரித்தாள். "உங்க முதலாளிகிட்ட இத நான்தான் சொல்லுவேன். நீங்க சொல்லக் கூடாது."

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது.

நிஜத்தில் கலங்கரை விளக்கம் வலது பக்கம், கடல் இடது பக்கம், அப்படியென்றால் படி குன்றின் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். தீவுக்காரர் மேற்குப் பக்கம் பார்த்தார். குன்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். படகைப் பார்த்தார். "வேணாம் வா. போயிடலாம். ராத்திரி இங்க எங்க தங்குறது? நீதான் ஜெயிச்ச, அக்கா வீட்டுக்கே போவோம்."

"எந்திரிங்க."

"படகு போயிடும்மா."

"போனா போவட்டும். பாக்கெட் விஷயத்துல நான் சொன்னது சரியான்னு எனக்குத் தெரியணும். எந்திரிங்கன்னா!"

அவளே முன்னால் நடந்தாள். இறங்குதுறைக்கு மேலே நின்று கையைக் குவித்துக் கத்தினாள். "அண்ணே! கொஞ்சம் பொறுங்கண்ணே! என் வீட்டுக்காரர் ஒரு படிக்கட்டத் தொலைச்சிட்டாரு!"

"ஒரு பீடி பிடிக்கிறவரைக்கும்தான் நிப்பேன்!" கீழேயிருந்து பதில் வந்தது. "அப்புறம் ரெண்டு பேரும் நீந்தித்தான் வரணும்!"

மேற்குச் சரிவில் புதர் மண்டியிருந்தது. புதருக்கு நடுவே படி. வெள்ளை உதிர்ந்து கறுத்துப் போயிருந்தது. யாரோ கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டிருந்தார்கள். தீவுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தார், வரைந்த பக்கம் மலையைப் பார்க்கிற மாதிரி. ரெண்டு அடி பின்னால் வைத்தார். கொஞ்சம் குனிந்தார்.

குன்றின் கூன் கோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. கலங்கரை விளக்கம் உட்கார்ந்தது. படி ஒவ்வொன்றாக உட்கார்ந்தது.

அவர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து, அவளைத் தன் இடத்தில் நிறுத்தினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"அட, ஆமா" என்றாள். "தையல் மேல தையல் விழுந்த மாதிரி இருக்கு."

படகுக்காரர் நின்றுதான் இருந்தார். ஏறியதும் திட்டினார், திட்டிக்கொண்டே அவளுக்குக் கை கொடுத்து உட்காரவைத்தார். இந்தத் தடவை தீவுக்காரர் பலகையைப் பிடிக்கவில்லை. யோசித்துக்கொண்டு வந்தார். கரை தெரியும்போது வாயைத் திறந்தார்.

"இடம் இருந்துச்சு. ஆனா கண்டுபிடிச்சது நீ. நான் தோத்துட்டேன்னு சொல்லிட்டு உக்காந்தாச்சு. அதனால அடுத்த லீவு உன்னோடதுதான்."

சே, அப்படியெல்லாம் வேண்டாங்க என்று அவள் சொல்வாள் என்று மனசுக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த லீவுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மனைவியின் அக்கா வீட்டில் வாரம் முழுக்கச் சாப்பிட்டார், தூங்கினார், சமையலறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டார். சகலை நல்ல மனுஷன், ஆனால் சினிமா பார்க்கிற ஆள் இல்லை. பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் திண்டாடினார்கள். அக்காவும் தங்கையும் மட்டும் ஓயவில்லை. படிக்கட்டுக் கதை தினமும் ஒரு தடவை நடந்தது. தங்கை சொல்லும்போது தீவு கொஞ்சம் பெரிதாகிவிட்டது, புதரில் பாம்பு வந்தது, படகு பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தது.

"பாம்பெல்லாம் இல்ல" என்றார் தீவுக்காரர் ஒரு நாள்.

"நீங்க சும்மா இருங்க. நீங்கதான் தப்பான பக்கம் நின்னுட்டு இருந்தீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சகலை மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அடுத்து எங்க போறதா உத்தேசம், சகல?"

தீவுக்காரர் வாயெடுப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"அருவி வர்ற படம் ஒண்ணு வச்சிருக்காரு, மாமா. பாறை மேல அந்தப் பொண்ணு நிக்கும். எடம் தெரிஞ்சிடுச்சுன்னு குதிக்கிறாரு. நான்தான் டிக்கெட் போட வேணாம்னு நிறுத்தி வச்சிருக்கேன். முதல்ல அந்தப் பொண்ணு ரவிக்கைய நான் ஒரு தடவ பாக்கணும்."